ஸ்டேஷனுக்கு ஒரு நாள்

காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்றார். போனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. செருமிவிட்டு மறுபடி முயன்றேன். முதல் இரண்டு எண்கள் வெறும் காற்றாகத்தான் வந்தன.

"உடம்பு சரியில்லையா சார்?"

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்."

அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று புதன்கிழமை. கடைசியாக நான் வாய்விட்டுப் பேசியது ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் ஒருவருக்கு ஸ்தோத்திரம் சொன்னபோது. நடுவில் இரண்டு முழு நாள் நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பேசவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

மனைவி இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மகன் புனேயில் இருக்கிறான். சேலையூர் வீட்டில் நான் ஒருவன்தான். ரயில்வேயில் முப்பத்துநான்கு வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர், தாம்பரம் ஸ்டேஷனில் மெஷின் பக்கத்தில் நிற்க ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலிண்டர் வந்த அன்று சாயங்காலமே அவருக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னேன்.

வேலை இதுதான். கவுண்டருக்கு வெளியே டிக்கெட் மெஷின்கள் இருக்கும். அவற்றுக்கு ஸ்மார்ட் கார்டு வேண்டும். கார்டில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொண்டு, மெஷினில் அதற்கென்று இருக்கும் இடத்தில் வைத்து, திரையில் போக வேண்டிய ஸ்டேஷனைத் தொட்டால் டிக்கெட் வந்துவிடும். கார்டு இல்லாதவர்களுக்கும், இருந்தும் திரையைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கும் எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற ஆட்கள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்போம். சிறு கமிஷன் உண்டு.

மகனிடம் சொன்னபோது கோபப்பட்டான். "எதுக்குப்பா இந்த வயசுல நின்னுகிட்டு? நான் அனுப்புறது பத்தலையா?"

"அதுக்கில்லடா, பொழுது போகணும்ல."

குரல் வராமல் போனதை அவனிடம் சொல்லவில்லை.

நூற்றுக்கணக்கான பேர் வந்து போகிற இடம், நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே யாரும் பேசுவதில்லை. "குரோம்பேட்டை ஒண்ணு." "கிண்டி ரிட்டர்ன்." "பார்க், ரெண்டு." அவ்வளவுதான். கையில் போன், காதில் எதையாவது மாட்டியிருப்பார்கள், கண் என் முகத்துக்கு வரவே வராது. கவுண்டரில் இருந்த காலத்திலாவது சில்லறைக்காகச் சண்டை போடுவார்கள். இங்கே அதுகூட இல்லை. என் சட்டைக்குள் வேறொருவர் வந்து நின்றிருந்தாலும் அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போய், நேற்று வைத்த குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுப் படுப்பேன்.

அந்த அம்மா வர ஆரம்பித்தது ஜூன் மாதம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. ஒன்பதரை மணி வாக்கில், கூட்டம் குறைந்த பிறகு வருவார். சொந்தமாகக் கார்டு வைத்திருந்தார். ஆனால் மெஷினைத் தொட மாட்டார். கார்டை என் கையில் கொடுத்துவிட்டு, "மீனம்பாக்கம் ரிட்டர்ன் சார்" என்பார். மறுநாள், "பழவந்தாங்கல் ரிட்டர்ன்." அதற்கு மறுநாள், "பரங்கிமலை."

முப்பத்துநான்கு வருடப் பழக்கம், மனிதர்களை அவர்கள் போகும் ஸ்டேஷனை வைத்துத்தான் நான் ஞாபகம் வைத்திருப்பேன். எல்லோருக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கும். இவருக்கு மட்டும் தினம் ஒன்று. அதுவும் வரிசையாக. சைதாப்பேட்டை கேட்ட அன்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நாளைக்கு மாம்பலமாம்மா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மெஷின் பக்கத்தில் நின்ற அத்தனை நாளில் என் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தது அன்றுதான். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கண்ணாடி போட்ட ஒரு ஆள், நரைத்த மீசை, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது.

"எங்க வீட்டுக்காரர் சார். மே மாசம் காலையில வெளிய போனவர் திரும்பி வரலை. இங்கதான் டிக்கெட் எடுத்திருக்கார். போலீஸ்ல கேமரா போட்டுப் பார்த்தாங்க. பீச் வண்டி நிக்கிற பிளாட்பாரத்துல ஏறியிருக்கார். கூட்டத்துல எங்க இறங்கினார்னு தெரியலை. அதான் ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கித் தேடிட்டிருக்கேன்."

"போன் இல்லையா?"

"வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டார். அடிக்கடி மறப்பார் சார்."

அடுத்தடுத்த நாட்களில் மீதியும் தெரிந்தது. வீடு இரும்புலியூர் பக்கம். அந்த அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவர். குழந்தைகள் இல்லை. கணவர் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். தினமும் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகியும், பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போவாராம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் வரவில்லை.

"சண்டை ஏதாவது?" என்று தயங்கிக் கேட்டேன்.

"முப்பது வருஷத்துல அவர் குரலை உசத்தினதில்ல சார்."

அதன் பிறகு தினமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவார். முந்தின நாள் எங்கே போனார், யார் என்ன சொன்னார்கள் என்று. கிண்டியில் ஒரு பூக்காரம்மா போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, நாலு பேரிடம் காட்டியது. மாம்பலத்தில் ஒருவரும் நிற்கவே இல்லாதது. நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர், "அக்கா, நானும் பாத்துக்கறேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டது. கோயிலில், தர்காவில், சர்ச்சில் என்று எங்கே சாப்பாடு போடுகிறார்களோ அங்கெல்லாம் போய் நின்றிருக்கிறார்.

எனக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் தெரியும். எந்த வாசல் எந்தத் தெருவில் கொண்டுபோய் விடும், எங்கே நிழல் இருக்கும், வீடில்லாதவர்கள் எங்கே படுப்பார்கள் என்று. ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் படம் போடுவேன். காலையில் அவர் வந்ததும் கொடுப்பேன். "சேத்துப்பட்டுல இந்தப் பக்கமா இறங்குங்கம்மா, அந்தப் பக்கம் சுத்தி வரணும்" என்பேன். அவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். கடைசி ஸ்டேஷனான பீச் வரை போய் முடிந்ததும், போன தடவை பார்க்காத தெருக்கள் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் மறுபடி படம் போட்டேன்.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நான் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். ஒன்பது மணியிலிருந்தே வாசல் பக்கம் கண் போய்க்கொண்டிருக்கும். அவருடைய கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அவருக்காக ஜெபமும் பண்ணினேன். ஆனால் மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்த என் நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் இருந்தது. அது அவருடைய துக்கத்தால் எனக்குக் கிடைத்தது என்று தெரிந்தும் அதற்காகக் காத்திருந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள் கார்டை என் கையில் கொடுக்கும்போது அவர் யதேச்சையாகச் சொன்னார். "நானும் அவரும் ஒரே நாள்ல வாங்கின கார்டு சார் இது. ஒண்ணு போலவே இருக்கும். மாறிப்போகும்னு அவர் கார்டு மேல ஆப்பிள்ல ஒட்டியிருக்குமே, அந்தச் சின்ன ஸ்டிக்கரை ஒட்டி வெச்சேன்."

"அந்தக் கார்டு வீட்ல இருக்கா?"

"இல்ல சார், சட்டைப்பையிலயே வெச்சிருப்பார். அதுலதான அன்னைக்கு டிக்கெட் எடுத்தார்."

அவர் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கார்டுகள் கவுண்டருக்குக் கட்டுக்கட்டாக, எண் வரிசைப்படி வரும். ஒரே நாளில், ஒரே கவுண்டரில், ஒருவர் பின் ஒருவராக வாங்கியிருந்தால் இரண்டு எண்களும் அடுத்தடுத்துத்தான் இருக்கும். மறுநாள் டிக்கெட் எடுக்கும்போது அவருடைய கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதற்கு முந்தின எண்ணோ பிந்தின எண்ணோ அவர் கணவருடையது. யாராவது அந்தக் கார்டைப் பயன்படுத்தினால் எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு என்று ரயில்வே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும்.

என் பக்கத்துக் கவுண்டரில் பல வருடம் இருந்த ஒரு பெண் இப்போது ஆபீசில் இருக்கிறார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சார், இதெல்லாம் இப்படிக் கேக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும்மா. அந்த அம்மா நாலு மாசமா தெருத்தெருவா அலையிறாங்க."

அவர் கார்டு எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவரே போன் செய்தார். முந்தின எண் யாரோ ஒருவருடையது, செங்கல்பட்டு போய்வருகிறவர். பிந்தின எண்ணில் மே மாதம் வரை தாம்பரம்–பல்லாவரம், தாம்பரம்–பல்லாவரம் என்றே இருந்தது. அதன் பிறகு இன்றுவரை பழவந்தாங்கல்–கிண்டி. வாரத்தில் ஆறு நாள், காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பின்.

"ஆள் நல்லாத்தான் இருக்கார் போலிருக்கே சார். சீக்கிரம் போய்ச் சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த அம்மா வந்தார். வெயிலில் நடந்து வந்ததால் முகம் கறுத்திருந்தது. கார்டைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு மறுபடி சைதாப்பேட்டை சார்" என்றார்.

நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். போட்டு வைத்திருந்த படத்தையும் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சொன்னால் நாளை இவர் பழவந்தாங்கலில் கணவரைப் பார்ப்பார், அதோடு இங்கே வருவது நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவர் படத்தை நாலாக மடித்துக்கொண்டு படியேறிப் போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று ராத்திரி தூங்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று அறுபத்துமூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் கார்டை நீட்டும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பழவந்தாங்கல்லயா? ரெண்டு தடவை போனேனே சார் அங்க! பத்து மணிக்குப் போனேன். அவர் ஏழு மணிக்கே போயிடறார், எப்படிப் பார்க்க முடியும்?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நீங்களும் வாங்க சார். தனியாப் போகப் பயமா இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி வண்டியில் போனோம். அந்த அம்மா பட்டுக்கரை போட்ட புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்திருந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. "இட்லி சார். மிளகாப்பொடி தடவி வெச்சிருக்கேன். வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்காது" என்றார். வண்டி குரோம்பேட்டையைத் தாண்டும்போது, "என்ன கேக்கறது முதல்ல?" என்றார். "ஒண்ணும் கேக்காதீங்கம்மா, முதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

பழவந்தாங்கலில் மெஷினுக்குப் பக்கத்தில் தூணோரமாக நின்றோம். ஒவ்வொருவராக வந்தார்கள். கல்லூரிப் பெண்கள், கையில் டிபன் பையோடு ஆட்கள். அந்த அம்மா ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கார்டைப் பார்த்தேன்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, செக்யூரிட்டி யூனிபார்ம் போட்ட ஒரு ஆள் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். பாக்கெட்டிலிருந்து கார்டை எடுத்து மெஷினில் வைத்தார். கார்டின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் இருந்தது.

நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்று போய் நின்றேன். "இந்தக் கார்டு உங்களுதா?"

"இன்னா சார், இன்னா விஷயம்?"

"இது இவங்க வீட்டுக்காரர் கார்டு. அவரை நாலு மாசமா காணோம்."

அவர் பயந்துவிட்டார். கார்டைப் பிடுங்குவது போல எடுத்து என்னிடமே நீட்டினார். "சார், நான் ஒண்ணும் திருடல. அந்தப் பெரியவருதான் குட்த்தாரு. சத்தியமா."

அந்த அம்மா முன்னால் வந்து போட்டோவைக் காட்டினார். அந்த ஆள் அதைப் பிடித்துப் பார்த்தார்.

"இவருதாம்மா. இதே மீசை."

"எங்க பார்த்தீங்க? எப்ப?"

"மே மாசம், இங்கதான், இதே எடத்துல. கவுண்டர்ல லைன் பெர்சா கீது, டூட்டிக்கு லேட்டாவுதேன்னு நின்னுகினு இருந்தேன். அவரு ரயில்லேர்ந்து எறங்கி வந்தாரு. என்னப் பாத்து, கார்டு இல்லியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அவரு கார்டைப் போட்டு எனக்கு டிக்கெட் எடுத்துக் குட்த்தாரு. நான் காசு குடுத்தேன், வாங்கல. கார்டையே கையில குட்த்து, இதுல பணம் கீது, நீயே வெச்சுக்க, எனக்கு இனிமே தேவைப்படாதுன்னாரு."

"தேவைப்படாதுன்னா?"

"நானும் அதாம்மா கேட்டேன். எங்க போறீங்கன்னேன். தூரமாப் போறேன்னாரு. தோள்ல கறுப்பா ஒரு பை மாட்டிகினு இருந்தாரு. அந்தாண்ட பஸ்ஸு போற ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமா போயிட்டாரு."

"பையா?" என்றார் அந்த அம்மா. "அவர் கையில பை எதுவும் இல்லையே. வெறும் கையோடதான வீட்டை விட்டுக் கிளம்பினார்?"

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பையை எங்கேயோ முன்பே கொண்டுபோய் வைத்திருந்து, அன்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எத்தனை நாளாக அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாரோ.

அந்த அம்மா அந்த ஆளிடம் கேட்டார். "அவர் முகம் எப்படி இருந்தது? அழுத மாதிரி, உடம்பு முடியாத மாதிரி?"

"இல்லம்மா." அந்த ஆள் தரையைப் பார்த்தார். "சிரிச்சாரும்மா."

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் கார்டை அந்த அம்மாவிடம் நீட்டி, "நீங்க வெச்சுக்கங்கம்மா, எனக்கு வேணாம்" என்றார்.

"அவர் உங்களுக்குக் குடுத்தது. நீங்க வெச்சுக்கங்க. டூட்டிக்குக் கிளம்புங்க, நேரமாச்சு" என்றார் அந்த அம்மா.

அந்த ஆள் போய் ரயில் ஏறும்வரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் தாம்பரம் பக்கம் போகும் பிளாட்பாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டோம். அந்த அம்மா அழவில்லை. டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க சார். இதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போக என்னால முடியாது."

இருவரும் சாப்பிட்டோம். இட்லி மெத்தென்று இருந்தது. நான் மூன்று சாப்பிட்டேன்.

"தொலைஞ்சுட்டார், தொலைஞ்சுட்டார்னு ஊரெல்லாம் சொன்னேன்" என்றார். "பூக்காரி, ஆட்டோக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அவர் தொலையலை சார். போயிருக்கார்."

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மனைவி ஞாபகம் வந்தது. அவள் போனதற்கு ஒரு நோய் இருந்தது, தேதி இருந்தது, கல்லறையில் ஒரு கல் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. முதல் வாரம் ஒன்பதரைக்கு வாசலைப் பார்த்தேன். இரண்டாவது வாரம் பார்க்காமலிருக்கப் பழகினேன். "குரோம்பேட்டை ஒண்ணு", "கிண்டி ரிட்டர்ன்" என்று வந்துகொண்டே இருந்தார்கள். இப்போதெல்லாம் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள், அதனால் மெஷின் பக்கம் வருவதும் குறைந்துவிட்டது. சில நாள் கால் மணி நேரம் யாரும் வராமல் சும்மா நிற்பேன். இஸ்திரி போடுவதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தார். கையில் ஒரு சூட்கேஸ். திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். போலீசிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். "உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

எனக்கு அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்தத் தகவல் எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். புதன்கிழமை நீங்க வந்தப்ப நான் சொல்லலை. சைதாப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்பிட்டேன்."

"ஏன் சார்?"

"அப்புறம் நீங்க வர மாட்டீங்களேன்னு."

இதை ஒரு பெண்ணிடம் சொல்கிற வயதா இது என்று காது சுட்டது. மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வந்து எக்மோர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்த அம்மா சொன்னார்:

"ஒரு நாள்தான சார். அந்த ஒரு நாளும் நான் அவரைத் தேடிட்டிருந்தேன். நல்லாத்தான் இருந்தது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சூட்கேஸைத் தூக்கினார். கையிலிருந்த கார்டைப் பார்த்துவிட்டு பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இதை நான் யாருக்கும் குடுக்கப்போறதில்ல சார். என்னைக்காவது திரும்பி வருவேன்" என்றார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். மழையில் பிளாட்பாரப் படியில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நான் போய்த் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

திருச்சியிலிருந்து தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் வரும். 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருக்கும். நானும் ஒரு படம் அனுப்புவேன். அதில் ஒரு வார்த்தைகூட எங்களுடையது இல்லை. வராத நாளில் மத்தியானம் வரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"அவர் போன் பண்ணினார் சார்."

"எங்க இருக்காராம்?"

"சொல்லலை. ஏதோ தோப்புல காவலுக்கு இருக்காராம். நல்லா இருக்கேன், தேடாதேன்னார். ஏன் போனீங்கன்னு கேட்டேன். எனக்கே தெரியலைன்னார்." அவரே தொடர்ந்து சொன்னார்: "அது பொய்யில்ல சார். அவருக்கு நிஜமாவே தெரியலைன்னுதான் நினைக்கிறேன். எங்கிட்ட அவர் பொய் சொன்னதில்ல. சொல்லாம இருந்திருக்கார், அவ்வளவுதான்."

"திரும்பி வருவாரா?"

"கேக்கலை." பிறகு, "உங்க மகன் பேசினாரா?" என்றார்.

"ராத்திரிதான் பேசுவான். ஞாயித்துக்கிழமை தவறாம பேசிடுவான்."

அக்கா வீட்டில் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். ஆனால் யாரும் கணவரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, பேச்சு வந்தால் மாற்றிவிடுகிறார்கள் என்றார். "உங்ககிட்ட சொன்ன மாதிரி யார்கிட்டயும் சொல்ல முடியலை சார்." நான் "ம்" என்றேன். வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வெச்சிடட்டுமா சார்?"

"வெச்சிடுங்கம்மா. போய்ச் சாப்பிடுங்க."

"அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்றார்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் காலையில் காயப்போட்ட இரண்டு சட்டைகள் இன்னும் கொடியில் கிடந்தன. எடுத்துவரப் படியேறினேன்.